பாதி வகுப்பு ஓ பாசிட்டிவ்

என் அம்மாவை நான் பத்து நாள் சந்தேகப்பட்டேன். அதற்கு யார் காரணம் என்று கேட்டால் நான் படித்த கல்லூரியைக் கை காட்டலாம், கல்லூரியின் தராசைக் காட்டலாம், எங்கள் ஊர்க் கடலைக்கூடக் காட்டலாம். இத்தனை நாளாக அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூவில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நர்சிங் கல்லூரிகள் எல்லாம் மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டன. மிச்சம் இருந்தது இரண்டு வருஷ லேப் டெக்னீஷியன் டிப்ளமா. ரத்தம், சிறுநீர், சளி என்று மனிதனிடமிருந்து வெளியே வருகிற எல்லாவற்றையும் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற படிப்பு. நோட்டீஸில் நீலக் கையுறை போட்ட ஒரு பெண் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சிரிக்க முடியாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில் கல்லூரி நடந்தது. மணமகன் அறையில் பிரின்ஸிபால் இருந்தார், மணமகள் அறையில் ஆபீஸ். பந்தி போட்ட கூடம்தான் எங்கள் லேப். சாப்பிட்டவர்கள் கை கழுவுவதற்காக வரிசையாகக் குழாய் வைத்திருந்தார்கள் அல்லவா, அதை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு வாஷ்பேசின் வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்களாம். பிரின்ஸிபால் இதை ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் சொல்வார்.

ஐந்து மைக்ரோஸ்கோப் இருந்தன. இரண்டில் பார்த்தால் ஏதாவது தெரியும். ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் ஓடும்போது மேஜையோடு சேர்ந்து நடக்க ஆரம்பிக்கும், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் தராசு ஒன்றும் இருந்தது. அதன்மேல் உப்பை வைத்தாலும் ஒரே எடைதான், உப்பு டப்பாவையே வைத்தாலும் ஒரே எடைதான்.

நோயாளி என்று யாரும் கல்லூரிக்கு வர மாட்டார்கள் என்பதால் நாங்களே நோயாளிகள். பக்கத்தில் உட்காருகிறவள் கையை நீட்ட வேண்டும், நாம் குத்த வேண்டும், பிறகு நம் கையை நீட்ட வேண்டும். எனக்கு வாய்த்த பெஞ்சுக்காரி கடலோரக் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அண்ணனும் கட்டுமரத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறியவர்கள். சின்ன வயதிலேயே தூண்டில் முள் கையில் ஏறி அதைத் தானே பிடுங்கிப் போட்டவள் என்பதால் ஊசிக்குப் பயமே கிடையாது. நான் நாலு தடவை குத்தியும் நரம்பு கிடைக்காதபோது, "இன்னும் கொஞ்சம் தோண்டு, தண்ணி வந்தாலும் வரும்" என்றாள்.

எங்கள் வீடு உப்பளத்து வீடு. அப்பாவும் அம்மாவும் ஒரே முதலாளியின் அளத்தில் வேலை செய்தார்கள். அப்பாவின் வேலை தண்ணீர் பார்ப்பது. எந்தப் பாத்தியில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும் என்று பார்ப்பார். அம்மா உப்பு வாருவாள், சுமப்பாள். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நான் பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்து ஊரே என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஆளாளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் ரொம்ப யோசிப்பது போல் பார்ப்பேன். சீட்டிலேயே வலது ஓரத்தில் நார்மல் அளவு அச்சடித்திருக்கும், அதைப் படித்துச் சொல்வேன். அப்பா பக்கத்தில் நின்று, "எம் பொண்ணு பாத்தவொடனே சொல்லிடும்" என்பார்.

அப்பாவிடமும் ஒரு சீட்டு உண்டு. முதலாளிக்குப் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தபோது அளத்து ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் எடுத்தார்கள். அப்பாவுடையது ஏபி பாசிட்டிவ். "உங்க குரூப்பு ரொம்பப் பேருக்கு இருக்காதுங்க" என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அந்த ரத்ததான அட்டையை லேமினேட் செய்து சட்டைப் பையில் ஆதார் அட்டையோடு வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டிவந்தார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அது என்பதால் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

இனி நடந்ததற்கு வருகிறேன். முதல் வருஷம், ரத்த வகை கண்டுபிடிக்கிற பிராக்டிகல். வேலை எளிது. சொந்த விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் மூன்று இடத்தில் வைத்து, நீலப் பாட்டில், மஞ்சள் பாட்டில், நிறமில்லாத பாட்டில் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். நீலத்தில் திரண்டால் ஏ. மஞ்சளில் திரண்டால் பி. இரண்டிலும் திரண்டால் ஏபி. இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. நிறமில்லாததில் திரண்டால் பாசிட்டிவ். இதில் எல்லாம் சரியாக இருந்தது, உப்புத் தண்ணீர் மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

எங்களுக்கு எல்லாப் பாடத்துக்கும் ஒரே மேடம். கடலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "நார்மல் சலைன்தானே, நாமளே பண்ணிக்கலாம். நூறு மில்லி டிஸ்டில்ட் வாட்டருக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா உப்பு" என்றார். பிறகு தராசைப் பார்த்தார். தராசும் அவரைப் பார்த்தது. உப்பு டப்பாவைத் திறந்தால் அடியில் கல்லாக இறுகிப்போன ஏதோ ஒன்று.

நான் எழுந்தேன். "மேடம், நாளைக்கு நான் பண்ணித் தர்றேன். எங்க வூட்ல உப்புதான் மேடம்."

"அளவு?"

"நாக்குல வச்சா தெரிஞ்சிடும் மேடம்."

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் இன்னும் ஒரு வாரத்தில் ரெகார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அட்டெண்டர் கடைக்குப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. "சும்மா லேசா கரிக்கணும், அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் வீட்டு உப்பைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். கரைத்து, மூன்று தடவை ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று எங்கள் தலைக்கு மேலேயே போர்டு தொங்கியது. கொஞ்சம் உப்புப் போட்டேன், கொஞ்சம் தண்ணீர் விட்டேன், கண்ணை மூடி மறுபடியும் ருசி பார்த்தேன். கடைசியில் போதும் என்று கையைத் தூக்கியபோது வகுப்பு கை தட்டியது. மேடம் பாட்டிலில் 'நார்மல் சலைன்' என்று லேபிள் ஒட்டினார். அந்த வருஷத்தில் நான் பெருமைப்பட்ட நாள் அது ஒன்றுதான்.

என் நாக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அளத்தில் கடைசிப் பாத்தியில், உப்பு பூக்கிற நேரத்தில் நிற்கிற தண்ணீர் நாக்கைப் பொசுக்கும். அதற்கு முந்தின பாத்தியில் கொஞ்சம் குறைவு. முதல் பாத்திக்குள் வருகிற தண்ணீர், அதாவது சாதாரணக் கடல் தண்ணீர், எங்களுக்கு உப்பே இல்லாத தண்ணீர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சப்பைத் தண்ணி. 'லேசா கரிக்கணும்' என்று மேடம் சொன்னதை நான் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சப்பையாக முடியுமோ அவ்வளவு சப்பையாகக் கரைத்தேன். ஆக மொத்தம் நான் கண்ணை மூடி ருசித்து, கை தட்டலோடு தயாரித்துக் கொடுத்தது கடல் தண்ணீர்.

ரத்தத்தைக் கடல் தண்ணீரில் போட்டால் அணுக்கள் வற்றலாகச் சுருங்கிவிடும். சுருங்கினது எங்கே திரளும்? அன்று யார் சில்லிலும் எதுவும் ஒழுங்காகத் திரளவில்லை. நீலத்திலும் இல்லை, மஞ்சளிலும் இல்லை. நிறமில்லாத சொட்டில் மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்தால் பொடி மணல் மாதிரி ஏதோ தெரிந்தது. மேடம் ஒவ்வொரு சில்லாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "ஓ பாசிட்டிவ், நீயும் ஓ பாசிட்டிவ், நீயும்" என்று சொல்லிக்கொண்டே போனார். "இந்தக் கடலோரத்துல ஓ குரூப் ஜாஸ்தி போல இருக்கு" என்று ஒரு ஆராய்ச்சி முடிவும் சொன்னார்.

உண்மை அப்போதே கத்திப் பார்த்தது. ஒரு பையனுக்குச் சின்ன வயதில் ஆபரேஷன் நடந்ததால் பி பாசிட்டிவ் என்று தெரியும். "மேடம், எனக்கு பி வரலையே" என்றான். "நீ நல்லா கலக்கியிருக்க மாட்ட. தெரிஞ்சவங்க எல்லாம் தெரிஞ்சதையே எழுதிக்கோங்க" என்றார் மேடம். ரெகார்டு நோட்டில் இதுதான் எங்கள் வழக்கம். ரிசல்ட் புத்தகத்தில் உள்ள மாதிரி வந்தால் எழுத வேண்டும், வராவிட்டாலும் புத்தகத்தில் உள்ள மாதிரி எழுத வேண்டும். அப்படியாகத் தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதினார்கள். தெரியாத நாங்கள், பாதி வகுப்புக்கு மேல், ஓ பாசிட்டிவ் ஆனோம்.

அடுத்த வாரமே ஐடி கார்டு அடித்துக் கொடுத்தார்கள். போட்டோவுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஓ பாசிட்டிவ். வீட்டில் காட்டினேன். அப்பா தன்னுடைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னுடைய பிளாஸ்டிக் நன்றாக இருக்கிறது என்றார்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மேடம் ரத்த வகை எப்படிப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று பாடம் எடுத்தார். போர்டில் கட்டம் போட்டு, அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று பிரித்து எழுதிக்கொண்டே போனார். ஏபி உள்ளவர் பிள்ளைக்கு ஒன்று ஏ-யைக் கொடுப்பார், இல்லையென்றால் பி-யைக் கொடுப்பார், வெறும் கையோடு அனுப்ப மாட்டார். நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாக மேலே போயிற்று.

"மேடம், அப்பா ஏபி, புள்ள ஓ. வருமா?"

"வராது."

"வந்துச்சுன்னா மேடம்?"

"வந்துச்சுன்னா அவரு அப்பா இல்ல. கோடியில ஒருத்தருக்கு வேற மாதிரி இருக்கலாம், அது உங்களுக்கு வேணாம். இத ரெண்டு மார்க்ல கேப்பாங்க, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பிற்பாடு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, தலையில் இடி விழுந்த அந்த நேரத்திலும் 'வராது' என்பதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். நல்ல மாணவிதான் நான்.

பஸ்ஸில் வரும்போது யூடியூபில் தேடினேன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்ட ஒருவர் அதே கட்டத்தைக் கலரில் போட்டு அதையே சொன்னார். கீழே கமெண்டில் நிறையப் பேர் தங்கள் குடும்பங்களைத் தாங்களே பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த வரிசையில் ஒருத்தி.

முதலில் நர்ஸைச் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரியில் குழந்தையை மாற்றியிருப்பார்கள் என்பது கேட்க நன்றாக இருந்தது, யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. ஆனால் என் வலது புருவத்துக்கு நடுவில் முடி இல்லாத ஒரு கோடு இருக்கும், அது அம்மாவுக்கும் இருக்கும். ஆக அம்மா உறுதியாகிவிட்டாள். மிச்சம் இருந்தது அப்பாதான்.

அதற்குப் பிறகு என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நான் அப்பாவைவிட நிறம். அப்பாவின் மூக்கு வேறு, என் மூக்கு வேறு. அளத்துச் சூப்பர்வைசர் ஒருவர் சின்ன வயதில் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறார். உப்பு லோடு ஏற்ற வரும் லாரி டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்தால் பிஸ்கட் தருவார். சூப்பர்வைசர் ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் பேனா கொடுத்தார் என்பதும், டிரைவர் நாய்க்கும் பிஸ்கட் போடுவார் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று அந்த டிரைவரின் காதை என் காதோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் பேச்சைக் குறைத்தேன். அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். தலை வாரிவிட வந்தால் சீப்பைப் பிடுங்கிக்கொண்டேன். அம்மா முதலில் திட்டினாள், பிறகு பரீட்சை பயம் என்று நினைத்து விட்டுவிட்டாள். அப்பாதான், "இன்னா பாப்பா, அம்மாகிட்ட சண்டையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னைச் சிரிக்கவைக்க நினைத்து, "ஒண்ணு தெரியுமா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ ரத்தம் குடுக்கலாம். ஒனக்கு ஆச்சுன்னா நான் குடுக்க முடியாது. ஓ-வுக்கு ஓ-தான் சேருமாமே" என்றார். நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன். இந்த மனுஷன் எனக்கு யாருமில்லையா என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வாசலில் உட்கார்ந்து பாதத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்பில் நிற்கிறவர்களுக்குப் பாதம் பாளம் பாளமாக வெடிக்கும், வாரத்துக்கு ஒரு நாளாவது எண்ணெய் போட்டாக வேண்டும். நான் எதிரில் போய் நின்றேன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது, அப்பா சித்தாள் வேலைக்குக் கேரளா போய்விடுவார். நான் பிறந்தது ஆடி மாதம்.

"ம்மா, நான் பொறக்கறதுக்கு முந்தின வருஷம் அப்பா எப்ப வேலைக்குக் கெளம்பினாரு?"

"தீபாவளி முடிஞ்சு மறாநாளு. ஏன்?"

"சும்மா. காலேஜ்ல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க."

"ஃபார்ம்ல இதெல்லாமாடி கேக்குறாங்க?"

"ஆமா."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, குதிகாலில் விட்டுப்போன இடத்தில் எண்ணெய் தடவினாள். நான் உள்ளே போய் விரல் விட்டு எண்ணினேன். தீபாவளியிலிருந்து ஆடிவரை கணக்கு சரியாகத்தான் வந்தது. அவ்வளவு சரியாக வந்ததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரம் எங்களை ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே டெக்னீஷியனாக இருந்த ஒரு வயதான அம்மா ஒரு கையில் டீயும் மறு கையில் பேனாவுமாக இருந்தார், எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மொதல்ல எல்லாரும் அவங்கவங்க குரூப்பப் போட்டுக் காமிங்க. அதுக்கப்பறம் நோயாளி பக்கம் போங்க" என்றார். சீல் பிரிக்காத சலைன் பாட்டில் ஒன்றை எங்கள் பக்கம் தள்ளினார்.

விரலைக் குத்தி, கலக்கி, சொட்டு விட்டேன். மஞ்சள் சொட்டில் நான் கலக்கிய குச்சியை எடுப்பதற்குள் ரத்தம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நின்றது. நீலத்தில் ஒன்றுமில்லை. பி. நான் தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்துச் சில்லைக் கழுவிவிட்டு மறுபடி போட்டேன். பி. மூன்றாவது தடவை வேறு விரலில் குத்தினேன், ஏதோ விரலுக்கு விரல் ரத்தம் மாறும் என்பது போல. அதிலும் பி. பக்கத்தில் பெஞ்சுக்காரி தன் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐடி கார்டில் ஓ பாசிட்டிவ் ஆன அவளுக்கு ஏ வந்திருந்தது.

"இன்னா முழிக்கிறீங்க?" என்றார் டெக்னீஷியன் அம்மா.

"மேடம், எங்க காலேஜ்ல எங்களுக்கு ஓ-ன்னு வந்துச்சுங்க."

"எதுல கலக்கினீங்க?"

"சலைன்தான் மேடம். நான்தான் பண்ணேன். எங்க அளத்து உப்பு. தராசு இல்ல, அதனால நாக்குல பாத்து..."

அவர் டீயை மேஜைமேல் வைத்தார். சப்பைத் தண்ணி கதையை ஒன்றுவிடாமல் கேட்டார். "ஆக, கடல் தண்ணியில ரத்தத்தக் கலக்கி குரூப் போட்டிருக்கீங்க. நல்லவேள, அதுல மீன் வுட்டுப் பாக்கல" என்றார். பிறகு ரத்த அணு ஏன் சுருங்கும், சுருங்கினால் ஏன் திரளாது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, டீ ஆறிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

நான் வராந்தாவுக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். பெஞ்சுக்காரி பின்னாலேயே வந்தாள். "பி-க்கெல்லாம் யாராவது அழுவாங்களா? அதுவும் நல்ல குரூப்புதான்" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டம், கேரளா, லாரி டிரைவரின் காது எல்லாம். சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். "அடிப்பாவி, அம்மாவையா?" என்றாள். அன்று நான் கிளம்பும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

கல்லூரியில் விஷயம் தெரிந்ததும் பிரின்ஸிபால் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான். ஐடி கார்டு எல்லாம் லேமினேட் ஆகிவிட்டதே என்றார். யோசித்து, பாதி வகுப்பை மறுபடி சோதித்து, சரியான வகையைக் கார்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னார். மேடம் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் தப்புதான். நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பி என்று தெரிந்த அன்று மத்தியானமே பஸ் ஏறி நேராக அளத்துக்குப் போனேன். அம்மா ஷெட் நிழலில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா தூரத்தில் பாத்தி வரப்பில் குனிந்து மடை திறந்துகொண்டிருந்தார். நான் பஸ்ஸிலேயே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். தராசில் ஆரம்பித்து, நாக்கு, கை தட்டல், லேபிள், கட்டம், மீன் வரைக்கும் குரல் மாற்றி நடித்துக் காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நானே முதலில் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா எப்ப கெளம்பினாருன்னு கேட்டியே, அது இதுக்குத்தானா?"

"ம்."

"அன்னிக்கே தெரிஞ்சிடுச்சு எனக்கு."

"தெரிஞ்சா ஏம்மா கேக்கல? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் இல்ல."

"இன்னாத்த சொல்லியிருப்ப? நான் இல்லடின்னு சொல்லியிருப்பேன். நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"ஒங்கப்பாகிட்ட இத சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வரப்பைப் பார்த்தாள். "ஒனக்கு அந்தக் கார்டு குடுத்த மாசமே டீக்கடையில எவனோ அவருகிட்ட சொல்லிட்டான், ஏபிக்கு ஓ பொறக்காதுன்னு. அவருதான் ஊரெல்லாம் அட்டையக் காட்டிக்கினு திரியறாரே. வூட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டு சிரிச்சாரு. காலேஜ்ல டெஸ்டு எவனோ தப்பாப் போட்டுட்டான், பாப்பாகிட்ட சொல்லிடாத, படிக்கிற புள்ள, அதுக்கு அசிங்கமாப் போயிடும்னாரு."